கடைமடை நெல்: தண்ணி வருமா வராதான்னு தெரியாம எப்படித் திட்டம் போடுறது?

மேலூர் மூணு ஏக்கர்

வணக்கம். மேலூருக்குக் கிழக்கே பெரியாறு பாசனம், வருஷத்துக்கு ஒரு நெல்லுக்கு மட்டும் தண்ணி விடுற ஒருபோகம், அதுலயும் கால்வாய் கடைசியில இருக்குற கடைமடை. மொத்தம் மூணு ஏக்கர். ஒரு ஏக்கர் மேட்டுச் செவல், ரெண்டு ஏக்கர் கண்மாய்க்குக் கீழ களி. கூட்டுக் கிணத்துல வாரத்துக்கு ரெண்டு நாள் முறை. அரை ஏக்கர் நெல்லைத்தான் அது காப்பாத்தும்.

கால்வாய் திறக்க செப்டம்பர் 15-ன்னு ஏட்டுல தேதி இருக்கு. சில வருஷம் திறக்குறாங்க, சில வருஷம் ஐப்பசி ஆயிடுது, சில வருஷம் திறக்குறதே இல்ல. இப்ப ஆவணி பாதி. களி ரெண்டு ஏக்கருக்கும் நாத்து விடுறதா, பொறுக்குறதா? வீட்டுல பெரியவங்க "வர்றது வரட்டும், விதைச்சு விடு"ங்கிறாங்க. எனக்கு அப்படி இருக்க முடியல. காலையில கண்ணு முழிச்ச உடனே வைகை அணை எத்தனை அடி, பெரியாறு அணை எத்தனை அடி. ராத்திரி படுக்குறப்ப மழை ஆப்.

ரெண்டு விஷயம் தெரியணும். தண்ணி நிச்சயமில்லாதப்ப நெல்லுக்கு எந்தத் தேதியில என்ன செய்யணும், அளவோட. அப்புறம், நம்ம கையில இல்லாததை எந்த இடத்துல விட்டுடணும்? "மனசைத் தேத்திக்க"ன்னு மட்டும் யாரும் சொல்லாதீங்க.

நீர்பாய்ச்சி

தம்பி, முதல்ல அந்த அடிக்கணக்கை விடுங்க. உங்களுக்கு வேண்டிய விடை அதுல இல்ல.

வைகை முழு அளவு 71 அடி. ஆனா அணை ஒண்ணும் டிரம்மு மாதிரி நேர்ச்சுவரு இல்ல. அடியில குறுகல், மேல போகப் போக அகலம். 40-லேருந்து 41 ஏறுறதும், 65-லேருந்து 66 ஏறுறதும் பேருக்குத்தான் ஒரே அடி. 66 அடியில முதல் எச்சரிக்கை, 68.5-ல ரெண்டாவது, 69-ல மூணாவதுன்னு செய்தி வருமே, அது ஆத்தங்கரை ஊருகளுக்கு விடுற வெள்ள எச்சரிக்கை. அதைக் கேட்டுட்டு நம்ம கால்வாய்க்குத் தண்ணி வந்துரும்னு நாத்து விடுறவங்க இன்னும் இருக்காங்க. பெரியாறுல 142 அடி வரைக்கும் தேக்கலாம்னு 2014-ல தீர்ப்பு. ஆனா 104 அடிக்குக் கீழ நிக்கிற தண்ணி, மலையைக் குடைஞ்சு நம்ம பக்கம் கொண்டுவர்ற சுரங்கத்துல ஏறாது, நம்ம பக்கம் வராது.

திறப்பை முடிவு பண்றது ரெண்டு அணையோட மொத்த இருப்பு. அதுல குடிதண்ணி கழியும். கம்பம் பள்ளத்தாக்கு கழியும். பேரணையிலேருந்து கள்ளந்திரி வரைக்கும் இருபோகம் 45,041 ஏக்கர், அவங்க முதல்போகம் முடிஞ்சிருக்கணும். சிவகங்கை, ராமநாதபுரம் பங்கு இருக்கு. இத்தனையும் போக மிச்சம்தான், திருமங்கலம் கால்வாயையும் சேர்த்து ஒருபோகம் 1,05,002 ஏக்கருக்கு. இதுல எந்த ஒண்ணையும் நீங்க போன்ல பார்த்து மாத்த முடியாது. ஞாயித்துக்கிழமை ஒரு தடவை பாருங்க, போதும்.

திறக்குறப்ப பொதுவா 120 நாள்னு உத்தரவு வரும். 45 நாள் தொடர்ந்து, 75 நாள் முறை வச்சு. ஆனா திறந்த நாள் வேற, உங்க மடையில தண்ணி விழுற நாள் வேற. மேல இருக்குற கண்மாயெல்லாம் பெருகித்தான் கீழ வரும். கடைசி அஞ்சு திறப்புல உங்க மடைக்கு எத்தனை நாள் பிந்துச்சுன்னு லஸ்கர்கிட்டயும் (கால்வாய்த் தண்ணியைத் திறந்து அடைக்கிற ஆள்) ஊர்ப் பெரியவங்ககிட்டயும் கேட்டு நோட்டுல எழுதுங்க. சராசரி வேணாம். அதுல ரொம்பப் பிந்துனது எதுவோ அதை வச்சுக் கணக்குப் போடுங்க.

இனி தேதி. திறக்குற நாளை நீங்க முடிவு பண்ண முடியாது. ஆனா ஒவ்வொரு திட்டத்துக்கும் கடைசி நாள் எதுன்னு முடிவு பண்றது உங்க கையிலதான் இருக்கு. களி ரெண்டு ஏக்கருக்கு இப்படி வச்சுக்கலாம்.

செப்டம்பர் 25-க்குள்ள திறப்பு அறிவிப்பு வந்தா, 130 நாள் ரகம். டிகேஎம் 13 மாதிரி. 25-ல விதை விட்டா அக்டோபர் 20-ஐ ஒட்டி நடவு, பிப்ரவரி முதல் வாரம் அறுப்பு. 25-லேயே திறந்தா 120 நாள் தண்ணி ஜனவரி 23 வரைக்கும். அறுப்புக்குப் பத்து, பதினைஞ்சு நாளைக்கு முன்னாடி தண்ணி கட்டுறதை நிறுத்திடுவோம், அதனால ஒட்டிக்கிரும்.

அந்தத் தேதி தாண்டிருச்சா, 130 நாள் ரகத்தை மறந்துருங்க. அக்டோபர் 25 வரைக்கும் 105, 110 நாள் ரகம் மட்டும். கோ 51, ஏடிடி 53.

அதுவும் தாண்டுனா நடவு நெல் இந்த வருஷம் இல்ல. நவம்பர் 15 வரைக்கும் தண்ணி தேங்காத இடத்துல உளுந்து, ஏக்கருக்கு 8 கிலோ விதை. வம்பன் ரகங்கள் 65, 75 நாள்ல வந்துரும். நெல்லு குடிக்கிற தண்ணியில கால்வாசி இருந்தா அதுக்குப் போதும்.

இதுல கஷ்டமான இடம் ஒண்ணு இருக்கு. செப்டம்பர் 25-ன்னு வச்சிருக்கீங்க. 30-ந்தேதி திறந்துட்டாங்க. "அஞ்சு நாள்தானே"ன்னு 130 நாள் விதை மூட்டையை அவிழ்க்கத் தோணும். அவிழ்க்கக் கூடாது. கடைமடையில அந்த அஞ்சு நாள் பதினைஞ்சு நாளாகி, பயிர் பூத்துப் பால் பிடிக்கிறப்ப வாய்க்கால் அடைபடும். தூர் வெடிக்கிறப்ப, அதாவது அடியில பக்க முளை விடுறப்ப, ஒரு வாரம் காஞ்சா பயிர் திரும்பிரும். பூக்குறப்ப ஒரு வாரம் காஞ்சா பதர்தான்.

புழுதிக்கால்

நீர்பாய்ச்சி அண்ணன் சொன்ன தேதிகள் சரி. நாற்றங்காலை வைத்தே எல்லாத் திட்டமும் போட வேண்டியதில்லை என்பதை மட்டும் சேர்க்கிறேன். நாற்று விட்டவுடன் கடிகாரம் ஓட ஆரம்பித்துவிடும். 20, 25 நாளில் அது நடவு கேட்கும். தண்ணீரோ நம் கடிகாரத்தைப் பார்ப்பதில்லை. புழுதியில் விதைத்த விதை அப்படி இல்லை, மழை வரும்வரை மண்ணுக்குள் கிடக்கும்.

களியில் ஒரு ஏக்கரை மட்டும் புழுதி விதைப்புக்கு ஒதுக்குங்கள். கோடையில் உழுது போட்ட நிலமாக இருந்தால் நல்லது. இப்போது கிடைக்கும் ஒரு மழையில் இரண்டு உழவு ஓட்டி, கட்டி உடைத்துப் புழுதியாக்கி வையுங்கள். விதைப்பு செப்டம்பர் பின்பாதியில்.

ரகம்: பரமக்குடி ஆராய்ச்சி நிலையத்தின் அண்ணா 4. 100, 105 நாள், வறட்சி தாங்கும். விதை ஏக்கருக்கு 30 முதல் 40 கிலோ. 35 கிலோ என்று வைத்துக்கொண்டால் 35 லிட்டர் தண்ணீரில் 350 கிராம் பொட்டாஷ் கரைத்து (மியூரியேட் ஆஃப் பொட்டாஷ்), மாலை 4 மணிக்கு விதையைக் கொட்டி மறுநாள் காலை 8 மணிக்கு எடுங்கள். அந்த 16 மணி நேரம் தாண்டக் கூடாது, முளை கிளம்பிவிடும். எடுத்து நிழலில் பரப்பி, பல்லில் கடித்தால் 'நறுக்'கென்று உடைகிற அளவுக்குத் திரும்பக் காய வையுங்கள். வெயிலில் போட்டால் செய்த வேலை வீண்.

ஆழம்தான் உயிர்நாடி. 3 முதல் 5 செ.மீ. விதைப்புக் கருவியில் போட்டால் ஒரே சீராக விழும். கையால் தூவினால் பாதி மேலேயே கிடக்கும். ஒரு தூறலில் முளைத்து, அடுத்த பத்து நாள் வெயிலில் கருகும். பொய்மழையில் ஏமாறுவது இந்த மேல்விதைதான். 4 செ.மீ. ஆழத்தில் இருப்பது தூறலுக்கு எழும்பாது, நல்ல மழைக்குத்தான் எழும்பும். எப்போது முளைப்பது என்கிற முடிவை விதையிடமே விட்டுவிடலாம், நம்மைவிட அதற்குத் தெரியும்.

அடியுரமாக யூரியா போடாதீர்கள். காய்ந்த மண்ணில் அது நைட்ரேட்டாக மாறி நிற்கும், பின்னால் தண்ணீர் கட்டியதும் வீணாகப் போய்விடும். மணிச்சத்தை (பாஸ்பரஸ்) மட்டும் ஏக்கருக்கு 300 கிலோ மக்கிய தொழு உரத்தில் கலந்து போடுங்கள். தழைச்சத்து (நைட்ரஜன்) முழுவதும் மழை ஈரம் வந்த பிறகு, பிரித்துப் பிரித்து.

முளைத்து இரண்டு, மூன்று வாரத்தில் குருத்து வெளுத்தால் பயப்பட வேண்டாம், அது இரும்புச்சத்துப் பற்றாக்குறை. நீர் தேங்காத நெல்லில் வரும். பத்து லிட்டர் டேங்குக்கு அன்னபேதி (இரும்பு சல்பேட்) 50 கிராம், யூரியா 100 கிராம், வாரம் ஒருமுறையாக இரண்டு தடவை தெளித்தால் பச்சை திரும்பும். 30, 45 நாளில் கால்வாய்த் தண்ணீர் வந்தால் கட்டி நிறுத்தி, அதன்பின் சாதாரண நெல் போலவே பார்த்துக்கொள்ளலாம். வராவிட்டால், மதுரைப் பக்கம் ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதி வடகிழக்குப் பருவத்தில்தான் பெய்கிறது. அதைக் கொண்டு பாதி மகசூலாவது பார்க்கலாம்.

வரப்போரம்

புழுதி விதைப்பை இவ்வளவு அழகாச் சொல்லிட்டு களையைப் பத்தி ஒரு வரி இல்லையே! நெல்லும் களையும் ஒரே மழையில ஒண்ணா எந்திரிக்கும். நடவு வயல்ல நாத்துக்கு 25 நாள் வயசு கூட இருக்கும், அதுக்கு மேல நிக்கிற தண்ணி களையை அமுக்கும். இங்க ரெண்டும் கிடையாது. பெண்டிமெத்தலின் 30 ஈசி களைக்கொல்லி ஏக்கருக்கு 1.3 லிட்டர், 200 லிட்டர் தண்ணியில, முளைக்கிற மழை பெய்ஞ்சு அஞ்சு நாளைக்குள்ள, மண்ணு ஈரமா இருக்குறப்ப அடிக்கணும். காஞ்ச புழுதியில அடிச்சா வேலை செய்யாது. அப்புறமும் 30-வது நாள் ஒரு கைக்களை உண்டு. அந்தக் கூலியைக் கணக்குல வைக்காம இறங்கிராதீங்க.

மேட்டுச் செவல்ல நெல்லையே நினைக்காதீங்க. பேரையூர், கல்லுப்பட்டிப் பக்கம் மானாவாரியில போடுறாங்களே குதிரைவாலி, அதைப் போடுங்க. ஏக்கருக்கு 4 கிலோ விதை, தொண்ணூறு, நூறு நாள். புரட்டாசிக்குள்ள விதைச்சிரணும். அணையைத் திறந்தாலும் திறக்காட்டியும் அந்த ஒரு ஏக்கரு உங்களைக் கேள்வி கேக்காது. மூணுல ஒரு பங்கு கவலை அங்கேயே கழிஞ்சிருச்சு.

இன்னொண்ணு, காசு. மனசு ஏன் அணையைச் சுத்தியே வருது? தண்ணி வர்றதுக்கு முன்னாடியே எல்லாக் காசையும் மண்ணுல போட்டுர்றோம், அதனாலதான். மொத்தச் செலவுல கால்வாசிக்கு மேல தண்ணி வரும் முன்ன போகக் கூடாதுன்னு வச்சுக்கங்க. உழவு, விதை, நாத்தங்கால், அவ்வளவுதான். உரத்தை முன்கூட்டியே வாங்கி அடுக்குறது, நடவு ஆளுக்கு அட்வான்ஸ் குடுக்குறது ரெண்டும் வேணாம். டிரே நாத்து போட்டு மிஷின் நடவுன்னு யாராச்சும் சொன்னா, தண்ணி உறுதியான வருஷத்துக்கு அது அருமை. ஆனா 15, 18 நாள்ல நட்டே ஆகணும். தள்ளிப் போட்டா வேரு பின்னிக்கிரும், மிஷின் பிய்க்காது. கடைமடைக்கு அது ஆகாது.

தண்ணி வந்ததுக்கு அப்புறமும் சிக்கனம் வேணும். முறைத் தண்ணி காலத்துல வயல்ல எப்பவும் நிக்கணும்கிற பழக்கத்தை விடுங்க. 15 செ.மீ. அகலம், 30 செ.மீ. நீளப் பிளாஸ்டிக் குழாய் ஒண்ணு. கீழ்ப்பாதியில சுத்தியும் ஓட்டை போட்டு, வரப்பு ஓரமா 15 செ.மீ. புதைச்சு, உள்ள இருக்குற மண்ணை அள்ளிருங்க. குழாய்க்குள்ள தண்ணி மண்மட்டத்துக்குக் கீழ 15 செ.மீ. இறங்குனாத்தான் அடுத்த தண்ணி. மேல வெடிப்பு லேசா ஓடும், வயித்தைக் கலக்கும், ஆனா வேருக்குக் கீழ ஈரம் இருக்கு. பூக்குறதுக்கு ஒரு வாரம் முன்ன, ஒரு வாரம் பின்ன மட்டும் 5 செ.மீ. நிறுத்துங்க. மத்த நாள்ல குழாயைப் பார்த்துட்டு வீட்டுக்கு வந்துரலாம்.

மேலூர் மூணு ஏக்கர்

எல்லாருக்கும் நன்றி. ஒண்ணு மறைச்சுட்டேன். களியில ஒரு ஏக்கருக்கு அப்பா ஏற்கனவே நாத்து விட்டுட்டாரு. ஏடிடி 45, 24 கிலோ, 8 சென்ட் நாத்தங்கால், கிணத்துத் தண்ணி. ஆகஸ்ட் 20-ல விட்டது, இன்னைக்கு 12 நாள். டிஏபி உரம் போடலாம்னு வாங்கி வச்சிருக்கோம். இதை என்ன பண்றது? பயிர்க் காப்பீடு எப்பக் கட்டணும்? தண்ணியே வரலைன்னா அதுல ஏதாச்சும் கிடைக்குமா?

சிட்டா அடங்கல்

காப்பீட்டுக்கு மட்டும் நான். சம்பா நெல்லுக்கு நம்ம பங்கு காப்புத் தொகையில 1.5 சதவீதம். ஏக்கருக்கு 36,000 ரூபாய் காப்புன்னு வச்சா 540 ரூபாய். கடைசி நாள் பொதுவா நவம்பர் 15, ஆனா ஒவ்வொரு வருஷமும் அறிவிப்பைப் பார்த்துக்கங்க. சிட்டா, விஏஓ குடுக்குற அடங்கல் (என்ன பயிர்னு காட்டுற பதிவு), ஆதார், வங்கிப் பாஸ்புக் முதல் பக்கம். சொசைட்டியில பயிர்க்கடன் வாங்குனா அங்கேயே பிடிச்சுக்குவாங்க, ஆனா பிடிச்ச ரசீதுல சர்வே நம்பர் சரியான்னு பார்க்கணும். உட்பிரிவு எண் தப்பானா பணம் வர்றப்ப நின்னுரும்.

நிறையப் பேரு புரிஞ்சுக்காத இடம்: இழப்பைக் கணக்குப் போடுறது உங்க வயலை வச்சு இல்ல. வருவாய்க் கிராமத்துல சில வயலைத் தேர்ந்தெடுத்து அறுவடைச் சோதனை செஞ்சு, அந்தச் சராசரியை வச்சுதான். மேல்மடை நல்லா விளைஞ்சு கடைமடை மட்டும் காஞ்சா உங்களுக்கு ஒண்ணும் வராமப் போகலாம். விதைக்கவே முடியாமப் போன வருஷத்துக்கும் ஒரு பிரிவு இருக்கு. கிராமத்துப் பரப்புல முக்கால்வாசிக்கு மேல விதைக்காமக் கிடந்ததுன்னு அறிவிச்சா, காப்புத் தொகையில 25 சதவீதம் குடுத்து அத்தோட பாலிசி முடிஞ்சுரும். முன்னாடியே பதிஞ்சிருந்தாத்தான் அது. அறுத்துப் போட்ட நெல்லு மழையில நனைஞ்சா, 72 மணி நேரத்துக்குள்ள தகவல் குடுக்கணும். அதனால இதை வருமானமா எண்ணாதீங்க. கட்டுங்க, ரசீதைப் பத்திரமா வைங்க, வேற வேலையைப் பாருங்க.

நீர்பாய்ச்சி

நாத்து விஷயத்துக்கு வர்றேன். அந்த டிஏபி மூட்டையை அப்படியே வைங்க. தண்ணி எப்பன்னு தெரியாதப்ப இப்பப் போட்டா நாத்து கொழுத்து ஓடும். பறிக்கிற நாளுக்குப் பத்து நாள் முன்னதான் போடணும். சென்டுக்கு ரெண்டு கிலோ. களிமண் நாத்தங்கால்ல பறிக்கிறப்ப வேர் அறுந்தா, சென்டுக்கு ஒரு கிலோ டிஏபியோட நாலு கிலோ ஜிப்சம். அது வரைக்கும் தண்ணியையும் குறைங்க. நிறுத்திக் கட்ட வேணாம், மண்ணு ஈரமா இருந்தாப் போதும்.

25-வது நாள், செப்டம்பர் 14. அன்னைக்கு அறிவிப்பு வந்தாலும் வராட்டாலும் கிணறு தாங்குற அரை ஏக்கரை நட்டுருங்க. அதுக்கு டிஏபியை 4-ந்தேதி அந்தப் பாத்திக்கு மட்டும் போடுங்க. மிச்ச நாத்து 35-வது நாள் வரைக்கும், அதாவது செப்டம்பர் 24 வரைக்கும் நிக்கலாம். 110 நாள் ரகத்துக்கு அதுக்கு மேல வயசானா நாத்தங்கால்லயே தண்டு நீண்டு கணு ஏறிரும். 24-ந்தேதி சாயங்காலம் வரைக்கும் தண்ணிக்கு வழியில்லைன்னா அறுத்து மாட்டுக்குப் போடுங்க. போனது 12 கிலோ விதை. அந்த விதைக்காக மனசு கேக்காம நட்டா நடவுக் கூலி, உரம், களைக் கூலி எல்லாம் அந்த 12 கிலோவுக்குப் பின்னாடி போகும். அப்பாகிட்ட இதை இப்பவே பேசி வைங்க. 24-ந்தேதி வயல்ல நின்னு பேசுனா சண்டைதான் வரும்.

மேலூர் மூணு ஏக்கர்

அண்ணே, காலண்டர்ல 24-ஐ வட்டம் போட்டாச்சு. அப்பா ஒண்ணும் சொல்லல, ஆனா அழிக்கல. 30, 32 நாள்ல தண்ணி வந்துச்சுன்னா அந்த வயசு நாத்தை எப்படி நடுறது? குத்துக்கு ஏழு, எட்டு வச்சு நடலாமா?

நீர்பாய்ச்சி

கூடாது. வயசான நாத்தைக் கொத்தாச் சொருகுனா புதுத் தூர் வெடிக்க இடமிருக்காது. புதுத் தூர்தான் ஒழுங்கான கதிர் விடும். குத்துக்கு ரெண்டு, மூணு போதும். ஆழமா அமுக்காம நடுங்க. அடியுரத் தழைச்சத்தை வழக்கத்தைவிட ஒன்றரை மடங்கு போடுங்க.

நட்டு மூணு வாரத்துக்குள்ள தாய்த்தண்டுல அங்கொண்ணும் இங்கொண்ணுமாச் சின்னக் கதிர் தலைகாட்டும். அப்பா பார்த்துட்டு "போச்சு, இளங்கதிர் வாங்கிருச்சு"ன்னு உழுது போடச் சொல்லுவாரு. அந்தக் கதிரை எண்ணாதீங்க. குத்தை விரிச்சு அடியில பாருங்க, வெள்ளையா ரெண்டு, மூணு முளை பக்கவாட்டுல கிளம்பியிருந்தா மேலுரத்தைப் போட்டுட்டு விட்டுருங்க.